நூலால் ஆய நூல்

நூல் என்னும் சொல் தமிழில் இழையையும் குறிக்கும், ஏட்டையும் குறிக்கும். இஃது ஒலியொப்புமையால் நேர்ந்த தற்செயல் நிகழ்ச்சி என்று நம் இலக்கண ஆசிரியர் கருதிற்றிலர். நன்னூற் பாயிரம் இப்பெயர்க்குக் காரணம் கூறுமிடத்து இரண்டு உவமைகளைக் காட்டுகின்றது. முதலாவது நூற்றல். சொற்கள் பஞ்சு, பனுவல் இழை, புலவன் நூற்கும் மகள், அவன் வாய் அவள் கை, அவன் மதி அவள் கதிர். இரண்டாவது தச்சன் நூல். மரத்தின் கோணலைத் தச்சனது நூல் காட்டித் தீர்ப்பதுபோல, மாந்தர் மனத்தின் கோணலை ஏட்டுநூல் தீர்க்கும் என்பது அதன் கருத்து. ஏறத்தாழ எட்டு நூற்றாண்டுகளாக மாணாக்கர் இவ்விரண்டையும் மனனம் செய்து வருகின்றனர். உவமை என்ற அளவில் அமைந்து, அப்பாற் செல்கின்றனர்.

இவற்றுள் முதலாவது உவமை, உவமையாக நில்லாது உண்மையாகிவிட்ட இடம் ஒன்றுண்டு. 2002ஆம் ஆண்டில், நியூயோர்க் நகரிலே, 90 வயதைக் கடந்த சிற்பி ஒருவர் தாம் பன்னெடுங் காலம் காத்துவைத்த பழந்துணிகளை வெட்டியும் ஒட்டுத்தையல் இட்டும் நூல்கள் சில ஆக்கினார். அவர் பெயர் லூயிஸ் பூர்ஷ்வா. அந்நூல்களுள் இரண்டு ஈண்டு எம் ஆய்வுக்குரியன. ஒன்று, தம் இளமைக் காலத்து ஆற்றின் பெயரால் அமைந்த 'பியேவ்ர் ஆற்றுக்கு ஒரு பாட்டு'. மற்றது 'மறதிக்கு ஒரு பாட்டு'. தலைப்பிற் பாட்டு உண்டு; உள்ளே பாட்டில்லை. துணியும் தையலும் உள. மிகச் சில சொற்கள் உள. இவற்றை நூல் எனலாமோ என்பதும், எனலாமாயின் எவ்வளவையால் இவற்றை மதிப்பிடுவது என்பதும் இக்கட்டுரையின் வினாக்கள்.

கலைநூல் என்று ஈண்டு யாம் வழங்குவது கலையைப் பற்றி எழுதப்பட்ட நூலை அன்று. தாள், துணி, மை, தையல், கட்டு, ஏடு புரளும் ஒழுங்கு ஆகிய யாவற்றையும் தம் கருத்துக்கு உறுப்பாக்கி, ஒரு கலைஞர் நூலின் உருவத்திலேயே படைக்கும் கலைப்பொருளையே அச்சொல்லாற் குறிக்கின்றோம். படம் உள்ள நூல் எல்லாம் கலைநூல் ஆகா. படநூலிற் கதை வேறு, படம் வேறு. மற்றொருவர் வரைந்த படத்தோடும் அக்கதை வாழும். கலைநூலில் அவ்வாறு பிரித்தல் இயலாது. ஆங்கிலக் கவிஞர் வில்லியம் பிளேக் 1789இல் வெளியிட்ட 'களங்கமின்மைப் பாடல்கள்' இதற்குத் தக்க முன்னோடி. அவர் தம் செய்யுளையும் சித்திரத்தையும் ஒரே செப்புத் தகட்டில் அமைத்துத் தாமே அச்சிட்டு, மனைவி கதரினின் துணையோடு கையால் வண்ணம் தீட்டினார். ஆதலின் அதன் படிகளுள் ஒன்று மற்றொன்றை முற்றும் ஒத்திருப்பதில்லை.

இத்துறையிற் புகுவோர் பலரும் விரும்பி எடுக்கும் பொருள், தாம் பிறந்து வளர்ந்த நிலமும் தம் குடும்பமும் ஆகும். அஃது இயல்பே. கையாற் செய்யப்படும் ஒரு பொருளுக்குக் கைக்கு மிக அணிய நினைவே பொருந்தும். ஆயினும் இங்கேதான் இடரும் உண்டு. நினைவு தன்னளவிலே கலையன்று. பாட்டியின் புகைப்படத்தைப் பழுப்புத் தாளில் ஒட்டி, ஓரத்திற் காய்ந்த இலை ஒன்றைச் செருகி, பட்டுக் கயிற்றாற் கட்டிவிட்டால் அதனை ஆக்கியவர்க்குக் கண்ணீர் வரலாம், அயலார்க்கு வாராது. அயலார்க்கும் பொருள்படுவதே கலை. ஆகவே, இளமை நிலத்தைப் பாடும் கலைநூல் எப்போது கலையாகின்றது, எப்போது வெறும் நினைவுப் பொருளாக நின்றுவிடுகின்றது என்பதே திறனாய்வாளன் கேட்க வேண்டிய கேள்வி.

பூர்ஷ்வா 1911 டிசெம்பர் 25இற் பாரிஸ் நகரிற் பிறந்தார். அவர் பெற்றோர் பழைய சித்திரத் திரைச்சீலைகளை வாங்கிச் செப்பனிட்டு விற்கும் தொழிலினர். செப்பனிடும் பட்டறையை நடத்தியவர் தாய் ஜோசபீன். நெடுங்காலம் சுவரில் தொங்கிய திரைச்சீலைகளின் அடிப்பகுதியே பெரும்பாலும் நைந்து போயிருக்கும். அங்கே நெய்யப்பெற்ற உருவங்களின் பாதங்கள் அழிந்திருக்கும். அழிந்த பாதங்களை மீண்டும் வரைந்து கொடுக்கும் பணி சிறுமியான லூயிசுக்கு வாய்த்தது. இல்லாததை வரைந்து நிரப்பும் அப்பயிற்சியே தம் கலையின் தொடக்கம் என்று அவர் பிற்காலத்திற் பன்முறை நினைவுகூர்ந்துள்ளார்.

பாரிசுக்குத் தெற்கே அந்தொனி என்னும் ஊரில் அக்குடும்பத்தின் வீடும் பட்டறையும் அமைந்தமைக்கு ஆறே காரணம். பியேவ்ர் பேராறு அன்று. வெர்சாய் நகரை அடுத்த பகுதியில் ஊற்றெடுத்து, ஏறத்தாழ 35 கிலோமீற்றர் ஓடிப் பாரிசுக்குள் புகுந்து சென் ஆற்றோடு கலந்த சிற்றாறு அது. சிற்றாறாயினும் தொழில்கள் பலவற்றுக்குத் தாயாயிற்று. பதினைந்தாம் நூற்றாண்டில் அதன் கரையிற் குடியேறிய கோப்லென் என்னும் சாயக்காரர் குடும்பத்தின் பெயராலேயே, 1662இற் பிரெஞ்சு அரசின் புகழ்பெற்ற திரைச்சீலைத் தொழிற்சாலை எழுந்தது. தோல் பதனிடுவோரும் சலவைத் தொழிலாளரும் அதன் கரையை நெருக்கினர். தொழில்கள் ஆற்றை உண்டன. ஆறு கழிவுநீர்க் கால்வாயாயிற்று. 1912 அளவிற் பாரிஸ் நகருக்குள் ஓடிய பகுதி முழுவதும் மூடப்பட்டுவிட்டது.

அந்தொனியில் ஆறு அப்போதும் வெளியே ஓடிற்று. வீட்டுத் தோட்டத்தினூடே சென்ற அந்நீரிலேதான் திரைச்சீலைகளைக் கழுவிப் பிழிந்தனர். 1932இல் தாய் இறந்தார். 1938இல் அமெரிக்கக் கலைவரலாற்று அறிஞர் ரொபேட் கோல்ட்வாட்டரை மணந்து லூயிஸ் நியூயோர்க் சென்றார். பல்லாண்டுகளின் பின் தம் மக்களோடு அவ்வூருக்கு மீண்டபோது ஆற்றைக் காணவில்லை. அது மண்ணுக்குள் மறைக்கப்பட்டிருந்தது. கரையோரமாகத் தந்தை நட்ட மரங்கள் மாத்திரம் நின்றன. ஆறு இருந்தது என்பதற்கு அம்மரங்களே எஞ்சிய சான்று. 'பியேவ்ர் ஆற்றுக்கு ஒரு பாட்டு' என்னும் துணிநூலிற் காணும் சிற்றுரை கூறும் செய்தி இவ்வளவே.

இனி, அந்நூல் ஆற்றை எவ்வாறு காட்டுகின்றது? காட்டவே இல்லை என்பதுதான் விடை. ஆற்றங்கரைக் காட்சி ஒன்றும் அதில் வரையப்படவில்லை, வீடு இல்லை, படகு இல்லை, தாயின் முகமோ தந்தையின் முகமோ இல்லை. நீலத் துணிகளும் கோடுபட்ட துணிகளும் வெட்டி இணைக்கப்பட்டு ஏடுதோறும் வெவ்வேறு கோலங் கொள்கின்றன. துணியின் கோடு ஓரிடத்திற் படுக்கையாக ஓடும். ஓரிடத்தில் முறிந்து திசை மாறும். நீரைக் கண்டவர்க்கு அது நீராகலாம். காணாதவர்க்குக் கோடாகவே நிற்கலாம். எளிதில் உருக்கத்தை எழுப்பக்கூடிய ஒரு கதையைக் கையில் வைத்துக்கொண்டு, உருக்கத்தை எழுப்பும் படங்கள் அனைத்தையும் இவ்வாறு விலக்கியமையே இந்நூலின் முதற் சிறப்பு.

பிறநாட்டார் படைப்பை நம் திணைக்கோட்பாட்டால் நோக்குதல் பொருந்துமோ எனின், அளவுகோலாக அன்றி விளக்காகக் கொள்வதிற் குற்றமில்லை. அகப்பாட்டின் பொருளை முதல், கரு, உரி என மூன்றாக வகுத்த தொல்காப்பியர், நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார்; அந்நிலத்து மரமும் மாவும் புள்ளும் தொழிலும் கருப்பொருள் என்றார்; மக்களின் ஒழுக்கத்தை உரிப்பொருள் என்றார்; செய்யுளில் இவை ஒன்றினொன்று சிறந்து வரும் முறையையும் சுட்டினார். நிலத்தைப் பாடுவது நிலத்துக்காக அன்று. அந்நிலத்தின் வழியே ஓர் உள்ளத்தைக் காட்டுதற்கே. பூர்ஷ்வாவின் நூலில் முதற்பொருளாகிய ஆறு அழிந்துவிட்டது. அதனை வரைந்து மீட்க அவர் முயன்றாரில்லை. ஆனாற் கருப்பொருளாகிய தொழில் அவர் கையில் அழியாதிருந்தது. ஊசியும் துணியும் தையலும் அந்நிலம் அவர்க்கு விட்டுச்சென்ற கருப்பொருள். அந்தத் தொழிலையே செய்துகொண்டு அந்த நிலத்தை நினைக்கின்றார். ஆதலின் இரங்கல் என்னும் உரிப்பொருள் சொல்லப்படாமலே பிறக்கின்றது. ஆற்றை வண்ணத்தால் தாளில் தீட்டியிருந்தால் அது நினைவின் படமாக முடிந்திருக்கும். ஆற்றால் வாழ்ந்த தொழிலைக்கொண்டே ஆக்கியமையால் அது நினைவின் தொடர்ச்சியாயிற்று.

இதனின்றும் எம் முதல் அளவை பெறப்படுகின்றது. கலைநூலின் பொருட்கூறுகள் அலங்காரமாக அமைதல் போதாது. சான்றாக அமைய வேண்டும். இத்துணி எதற்கு, வேறு துணியானால் ஆகாதா என்று வினவியபோது, ஆகாது என்று நூலே விடை கூற வேண்டும்.

மற்றை நூலாகிய 'மறதிக்கு ஒரு பாட்டு' இவ்வளவைக்கு இன்னும் செவ்விய எடுத்துக்காட்டு. அதன் ஏடுகள் விலைகொடுத்து வாங்கிய புதுத்துணி அல்ல. மணமகளாகப் பூர்ஷ்வா கொண்டுவந்த சீதனத்துள் அடங்கிய லினன் கைத்துவாய்களே ஏடுகள் ஆயின. மணத்தாற் பெற்ற பெயரையும் சேர்த்த மூன்றெழுத்து முதலெழுத்துக் கோலம் அத்துவாயில் முன்னரே பின்னப்பட்டிருந்தது. அதுவே இப்போது நூலின் முகப்பாகி, ஆசிரியர் பெயர்போல் நிற்கின்றது. அவ்வேடுகளின்மேல் அவர் அணிந்த உடைகளின் துண்டுகளும் வீட்டுத் துணிகளும் வட்டமாகவும் பட்டையாகவும் அடுக்காகவும் தைக்கப்பட்டுள்ளன. வெட்டுவதும் தைப்பதும் ஒரே கைதான். உடையாக இருந்தபோது அத்துணிகட்கு ஒரு வாழ்வு. அவ்வாழ்வை வெட்டி முடித்த பின்னரே ஏடாக மற்றொரு வாழ்வு. நினைவை அப்படியே போற்றிக் காத்தல் வேறு, அதனை வெட்டிப் புதிதாக்குதல் வேறு. தலைப்பு நினைவை விளியாது மறதியை விளித்ததன் காரணம் இதுவென்று கொள்ளலாம்.

கட்டும் ஈண்டு நோக்கற்பாலது. ஏடுகள் பசையால் ஒட்டப்படவில்லை. ஓரத்தில் அமைந்த பொத்தான் துளைகளின் வழியே கோத்துக் கட்டப்பட்டுள்ளன, அவிழ்த்தால் ஏடு தனித்தனியே வரும், மீளக் கட்டலாம். நம் முன்னோர் பனையோலைச் சுவடிக்குத் துளையிட்டுக் கயிறு கோத்துச் சட்டத்தின் இடையே கட்டிய முறை இதனோடு ஒருவாறு ஒக்கும். அவிழ்த்துக் கட்டக்கூடிய நூலுக்கு இரு தன்மை உண்டு. ஓரேடு தவறினாற் கோவை குலையும். ஆயினும் நைந்த ஏட்டை மாற்றி நூலைக் காத்தலும் இயலும். செப்பனிடும் குடும்பத்திற் பிறந்தவர், செப்பனிடத்தக்க ஒரு நூலையே ஆக்கினார்.

இதுகாறும் புகழ்ந்தோம். இனித் தடைகள் மூன்றனையும் ஆராய்தல் வேண்டும்.

முதலாவது, ஆசிரியர் வரலாறு நூலை விழுங்கும் இடர். நியூயோர்க் நவீன கலை அரும்பொருளகம் 1982இல் பூர்ஷ்வாவின் படைப்புகளைத் தொகுத்துப் பெருங்காட்சி நடத்திற்று. அதே ஆண்டில் அவர், தம் இளமையில் தந்தைக்கும் வீட்டில் ஆங்கிலம் கற்பித்த பெண்ணுக்கும் இருந்த உறவினால் தாம் உற்ற மனக்காயத்தை வெளிப்படையாக எழுதினார். அதன்பின் அவர் செய்த யாவற்றுக்கும் அந்த ஒரு நிகழ்ச்சியே உரையாயிற்று. எதனைக் கண்டாலும் தந்தையின் குற்றம், தாயின் பொறுமை என்று பொருள் கூறிச் செல்லுதல் பலர்க்கும் எளிதாகிவிட்டது. இது திறனாய்வு ஆகாது. உரையாசிரியன் மூலத்தைத் திறக்க வேண்டும்; அதன்மேற் பூட்டிடலாகாது. துணிநூல்கள் இரண்டையும் அக்கதையை அறியாதார் முன் வைத்தாலும், பழகிய துணி ஏடாகியதையும், கோடு முறிந்து மீள ஓடுவதையும் அவர்கள் உணர்வர். அவ்வுணர்ச்சியே நூலின் சொத்து. கதை அதற்குத் துணை மாத்திரமே. ஆற்றின் நூலுக்குச் சிற்றுரை வேண்டியிருந்தமையால், இவ்விரண்டனுள் 'மறதிக்கு ஒரு பாட்டு' தற்சார்பில் ஒருபடி உயர்ந்தது என்பது எம் கருத்து.

இரண்டாவது, படியெடுத்தல். 2004இல் 'மறதிக்கு ஒரு பாட்டு' 25 படிகள் கொண்ட பதிப்பாக வெளிவந்தது. தாளில் அச்சிட்ட பதிப்பு அன்று அது. துணிகளுக்குச் சாயமிட்டும், துணிமேல் அச்சிட்டும், கையால் தைத்தும் மூலத்தின் சாயல் கொண்டுவரப்பட்டது. பொருளே சான்று என்றோம். புதுத்துணியால் ஆகிய படிக்குச் சான்றாகும் தகுதி எங்ஙனம் வரும்? ஏட்டுச்சுவடிகளின் வரலாறு இதற்கு ஒளிதரும். சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் நைந்த ஏடுகளினின்றும் பழந்தமிழ் நூல்களை அச்சேற்றியபோது, ஓலை அழிந்தாலும் நூல் பிழைத்தது. ஏனெனில் அங்கே நூல் என்பது சொல். சொல் ஓலையினின்றும் தாளுக்குக் குடிபெயர வல்லது. துணிநூலிலோ சொல்லின் இடத்தில் நிற்பது துணியே; அது பெயராது. ஆகவே 2004ஆம் ஆண்டுப் பதிப்பு மூலத்தின் ஒழுங்கையும் தையலையும் புரளும் சுவையையும் தரவல்லது. அத்துணிகள் வாழ்ந்த வாழ்வைத் தரவல்லதன்று. ஆசிரியரின் இசைவோடு வந்தது என்பதால் இவ்வேறுபாடு மறைந்துவிடாது. ஆயினும் வழிநூலுக்கும் தகுதி உண்டு என்பது நம் மரபு. முதனூல் இதுவென மயங்காதவரையிற் படியைப் பழித்தல் வேண்டா.

மூன்றாவது தடை மிக வலியது. நூல் என்பது கையில் எடுக்கப்படுவது, புரட்டப்படுவது, ஓர் ஏட்டை மறைத்துத்தான் மற்றொன்றைக் காட்டுவது. இத்தகைய அரிய நூல் அரும்பொருளகத்தைச் சேர்ந்தபின் எவர் கையும் அதிற் படுவதில்லை. கட்டவிழக்கூடிய ஏடுகளாதலின், அவற்றைச் சட்டமிட்டுச் சுவர் முழுவதும் நிரலாக மாட்டி வைத்தலும் உண்டு. அப்போது எல்லா ஏடுகளும் ஒரே நோக்கில் தெரியும். தெரிவது நூலன்று, ஓவிய வரிசை. ஏட்டுக்கு ஏடு காத்திருக்கும் பொழுது அழிந்துவிடுகின்றது. தொடுதற்கென்றே ஆகிய பொருள் தொடப்படாதிருத்தல் எவர் குற்றமும் அன்று; தொட்டால் அழியும் என்பது உண்மையே. எனினும், கையாற் செய்த நூலின் பெருமையை வானளாவப் பேசுவோர் இவ்விழப்பையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

மறைந்த ஆற்றைப் பற்றிய இவ்வாராய்ச்சி, மறைந்த வீடுகள் மலிந்த நம் நாட்டுக்கு அயலான ஒன்றன்று. கலைநூலின் வழியே அவ்விழப்பைப் பேசிய முயற்சி இங்கும் எழுந்துள்ளது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திற் கலைவரலாறு கற்பித்த ஓவியர் தா. சனாதனன் 2011இல் வெளியிட்ட கலைநூல், 'முற்றுப்பெறாத தோம்பு' என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்புடையது. தோம்பு என்பது நாம் நன்கறிந்த சொல். போர்த்துக்கேயர் தொடங்கி ஒல்லாந்தர் விரிவாக்கிய காணிப் பதிவேடு அது. இன்னார்க்கு இன்ன நிலம் உரித்து என்று அரசு எழுதிவைத்த கணக்கு.

சனாதனன் எழுதிய தோம்பு அரசின் கணக்கன்று. போரினால் இடம்பெயர்ந்த தமிழரும் முஸ்லிம்களும் தாம் விட்டுவந்த வீட்டின் தளப்படத்தை நினைவிலிருந்து தம் கையாலே வரைந்தனர். அதனைக் கட்டடக் கலைஞர் ஒருவர் முறைப்படி வரைந்தார். அவ்வீட்டுக் கதையைக் கேட்ட ஓவியர் தம் சித்திரத்தை வரைந்தார். ஒரே வீடு மூவர் கையில் மூன்று உருவங் கொண்டு ஏடுகளில் நிற்கின்றது. 1990 ஒக்டோபரில் வடபுலத்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டதையும், 1995 ஒக்டோபரில் யாழ்ப்பாண மக்கள் பெருந்திரளாக இடம்பெயர்ந்ததையும் அறிந்தவர்க்கு, இவ்வேடுகளைப் புரட்டுதல் எளிதன்று.

இந்நூல் பூர்ஷ்வாவின் நூல்போல் ஒற்றைப் படியாகக் கையால் தைக்கப்பட்டதன்று, அச்சேறிப் பரவியது. கையால் ஆகிய நூலைப் பற்றிய ஆய்வில் இதற்கு இடம் யாது? கை இருக்கும் இடம் இங்கே வேறு. அது கட்டில் இல்லை, கோட்டில் இருக்கின்றது. கட்டடவியல் கற்றறியாத ஒருவர் தம் வீட்டை வரையும்போது கோடு நடுங்கும், அளவு பிறழும், நினைவிற் பெரிதாக நின்றது தாளிலும் பெரிதாகும். அந்தப் பிறழ்ச்சியே அவ்வீட்டில் அவர் வாழ்ந்தமைக்குச் சான்று. அடுத்து வரும் முறைப்படம் அக்கோணல்களை எல்லாம் நேராக்கிவிடுகின்றது. நன்னூல் கூறிய இரண்டாவது உவமையாகிய தச்சன் நூல் இங்கே தொழிற்படக் காண்கின்றோம். ஆனால் நூலைப் புரட்டுபவர் உணர்வது உவமை கருதிய பயனின் மறுதலை. நேராக்கப்பட்ட படம் எவர் வீடாகவும் இருக்கலாம். கோணிய படமோ ஒருவர் வீடாக மாத்திரமே இருக்க இயலும். தீர்க்கத் தகாத கோணலும் உண்டு என்பதை இரண்டு படங்களையும் அருகருகே வைத்தே இந்நூல் உணர்த்துகின்றது. இதனை ஒரு சொற்பொழிவால் உணர்த்துதல் அரிது. நூலின் வடிவம் மாத்திரமே செய்யக்கூடிய வேலை இது.

குறையும் கூறுதல் வேண்டும். மூன்றாவதாக வரும் ஓவியரின் சித்திரம் கைதேர்ந்தது, அழகும் உடையது. எனினும் தன் வீட்டை இழந்தவரின் நடுங்கிய கோட்டுக்குப் பக்கத்தில் அவ்வழகு சிற்சில வேளைகளில் மிகையாகவே படுகின்றது. பிறர் துயரத்துக்கு உரை எழுதுபவன் எத்துணைப் பணிவோடு எழுதினும், மூலம் பேசி முடித்த இடத்தில் தானும் பேசுதல் தவிர்க்க இயலாதது. தம் துணியைத் தாமே வெட்டிய பூர்ஷ்வாவுக்கு இந்த இக்கட்டு இல்லை. ஆனால் அவர் நூல் ஒரு குடும்பத்தின் ஆற்றோடு அமைந்துவிடுகின்றது. சனாதனன் நூலோ ஒரு மக்கட்கூட்டத்தின் வீடுகளை ஏற்றுப் பேசுகின்றது. ஒன்றன் தூய்மையும் மற்றொன்றன் பரப்பும் ஒருங்கு பெறற்கு அரியன. தலைப்பில் 'முற்றுப்பெறாத' என்ற அடையைச் சேர்த்தமை, ஓவியர் தம் எல்லையைத் தாமே அறிந்திருந்தார் என்பதற்குப் போதிய சான்று.

இவ்விரு ஆசிரியரும் ஒத்து நிற்கும் இடம் ஒன்றுண்டு. இருவரும் இழந்ததை மீட்டுத் தருவதாகச் சொல்லவில்லை. ஆறு இருந்த இடத்தில் ஆற்றின் ஓவியத்தை வைக்காது துணியை வைத்தார் ஒருவர். வீடு இருந்த இடத்தில் வீட்டின் புகைப்படத்தை வைக்காது பிறழ்ந்த கோட்டை வைத்தார் மற்றவர். இன்மையை இன்மையாகவே விட்டு, அதனைச் சுற்றித் தைத்தனர். அழிந்த பாதத்தைத் திரைச்சீலையில் வரைந்து நிரப்பிய சிறுமி, முதுமையில் நிரப்பாது விடக் கற்றுக்கொண்டார் என்பது சிந்திக்கத்தக்கது. இதுவே எம் இரண்டாவது அளவை. நினைவின் இடைவெளியை அலங்காரத்தால் மூடும் நூல் நினைவுப் பொருளாகவே நிற்கும். அவ்விடைவெளிக்கு இடங்கொடுக்கும் நூலே கலையாகும்.

பியேவ்ர் ஆற்றுக்கும் ஒரு பின்கதை உண்டு. மூடிய ஆற்றைச் சிற்சில பகுதிகளில் மீளத் திறக்கும் பணியைப் பாரிஸ் புறநகர்கள் மேற்கொண்டன. லாய் லே ரோஸ் என்னும் ஊரில் 2016இல் ஒரு பகுதி மீண்டும் வெயிலைக் கண்டது. பூர்ஷ்வா 2010 மே 31இலே காலமானார், அதனைக் கண்டிலர். திறந்த ஆறு நகரத்துக்கு நன்மை. ஆயினும் அதனால் அவர் நூல் பயனற்றுப் போகவில்லை. நீர் மீளலாம், அந்நீரில் திரைச்சீலை பிழிந்த கைகள் மீளா. அவ்வாறே நம் நாட்டிலும் வீடுகள் பல மீளக் கட்டப்பட்டுள்ளன; மேலும் கட்டப்படும். புதிய வீட்டின் தளப்படம் பழைய வீட்டின் கோட்டுக்கு ஈடாகாது என்பதை அவ்வீட்டார் அறிவர்.

இக்கலையில் விருப்புற்று, தம் ஊரையும் உறவையும் பற்றிக் கைந்நூல் செய்யப் புகும் மாணவர்க்கு இவ்வாய்வினின்றும் கொள்ளத்தக்க பயன் ஒன்றுண்டு. அழகிய தாளைத் தேடிக் கடைக்குச் செல்லுமுன், தம் வீட்டில் எஞ்சிய பொருள் யாதென நோக்குக. அம்மாவின் கிழிந்த நூற்சேலையோ, அப்பாவின் கணக்குக் கொப்பியோ, பாட்டி இழைத்த பெட்டியின் பனையோலைச் சார்வோ எதுவாயினும் ஆகுக. அப்பொருள் என்ன தொழில் செய்தது, எவர் கையிற் பழகியது என்று கேட்டு, அத்தொழிலே நூலின் கட்டாகவும் ஏடாகவும் அமையுமாறு செய்க. எஞ்சியது ஒன்றும் இல்லையாயின், அதுவும் ஒரு செய்தியே. நினைவிலிருந்து கை வரையும் கோடே அப்போது போதுமான பொருளாகும். அதனை நேராக்க வேண்டா.

புலவனை நூற்கும் மகளாகக் கண்ட நம் பழைய உவமை, கையின் உழைப்பையும் மதியின் உழைப்பையும் ஒன்றாகவே வைத்து எண்ணியது. பிற்காலத்து நாம் ஏட்டை உயர்த்தி இழையைத் தாழ்த்தினோம்; எழுதுபவரைப் புலவர் என்றும் தைப்பவரைத் தொழிலாளர் என்றும் பிரித்தோம். அப்பிரிவு இயற்கையானதன்று என்பதை ஒரு மூதாட்டியின் துணிநூல்கள் காட்டுகின்றன. ஆதலின் அவற்றை நூல் எனலாமோ என்று தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு, அச்சொல்லின் இருபொருளிலும் அவை நூலே என்பது எம் துணிபு.